மின்னி மேசையில், நீங்கள் எங்கே?

கேள்வி: டொக்டர், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் மின்னி பக் இனம், நான்கு வயது. போன வருடம் இரவு பத்து மணிக்கு வலி எடுத்து, முக்கி முக்கி ஒன்றும் வராமல், விடிந்த பிறகு ஒரு கிளினிக்கில் வயிற்றைக் கீறித்தான் குட்டிகளை எடுத்தார்கள். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து இரண்டு குட்டிகளைக் கையில் தந்து, மூன்றாவது "சரிவரவில்லை" என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது மறுபடி வயிற்றில் குட்டி, நாற்பது நாள் ஆகிறது. இந்த முறையும் ஒப்பரேஷன் என்றால் நானும் உள்ளே இருப்பேன் என்று கேட்கலாமா? நான் பக்கத்தில் இருந்தால் அவள் பயப்பட மாட்டாள். கணவர் "உனக்கு இரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும்" என்கிறார். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் தங்கையும் வரவேண்டும் என்கிறாள், மின்னி அவளோடுதான் படுப்பாள். மகன் வீடியோ எடுக்கப் போகிறானாம்.

பதில்: டீச்சர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மின்னி மயங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள், அதைத் தாராளமாகக் கேட்கலாம். வயிற்றைத் திறக்கும் நேரத்தில் அந்த அறையில் இருக்க வேண்டாம். குட்டிகள் வெளியே வரத் தொடங்கியதும், அங்கே கை குறைவாக இருந்தால், பக்கத்து அறையில் துவாயோடு தயாராக இருங்கள். இதுதான் என் பதில். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவள் பயப்பட மாட்டாள் என்பது உண்மைதான், ஆனால் மயங்கும்வரைக்கும்தான். பக் நாய்க்கு மூக்கு அமுங்கியது, தொண்டைக்குள் சதை மிச்சம், சும்மா இருக்கும்போதே குறட்டை விட்டுத்தான் மூச்சு விடும். அதன் மேல் வயிறு நிறையக் குட்டிகள் நெஞ்சறையை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் தெரியாத ஆட்கள் பிடித்து அமுக்கினால், பயத்தில் இன்னும் வேகமாக மூச்சிழுத்து, இழுக்க இழுக்கத் தொண்டை வீங்கி, ஊசி போடுவதற்கு முன்பே நாக்கு நீலமாகப் போகிற நாய்களை நான் பார்த்திருக்கிறேன். மயக்க மருந்துக்கு முன் சில நிமிடம் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டும், வயிற்று மயிரை முடிந்தவரை விழிப்பாக இருக்கும்போதே மழித்துவிட்டால் மயக்கத்தில் கிடக்கும் நேரமும் குறையும். இந்த இரண்டுக்கும் உங்கள் மடியை விட நல்ல இடம் இல்லை. அந்த நேரத்தில் வளர்த்தவரை வெளியே அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை, நானே ஒரு காலத்தில் அனுப்பியவன்தான் என்றாலும்.

மயங்கிய பிறகு கதை வேறு. நமக்கெல்லாம் மனிதர்களின் சிசேரியன்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்கிறார்கள், தாய் விழித்திருக்கிறாள், ஒரு கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதில் அர்த்தம் இருக்கிறது. மின்னிக்கு முழு மயக்கம், தொண்டையில் குழாய். நீங்கள் தலைமாட்டில் நின்றாலும் ஒன்றுதான், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் ஒன்றுதான், அவளுக்குத் தெரியாது. அப்படியானால் உள்ளே நிற்பது யாருக்காக? உங்களுக்காக. அதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் மற்றவர்களுக்கு அதனால் என்ன செலவு என்று பார்க்க வேண்டும்.

மயக்க மருந்து தாயின் இரத்தத்தோடு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்கும் போகிறது. ஆகவே அவள் கண் செருகிய நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் கீறி, கருப்பையை வெளியே எடுத்து, அதில் ஒரு வெட்டுப் போட்டு, கொம்பு என்று நாங்கள் சொல்லும் கருப்பையின் இரண்டு கிளையிலும் உள்ள குட்டிகளை ஒவ்வொன்றாக அந்த வாசலுக்குத் தள்ளி எடுக்க வேண்டும். எல்லாம் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் நடந்தால் நல்லது. அதற்குப் பிறகுதான் அவசரமில்லாத தையல் வேலை. அந்த இருபது நிமிடத்தில் "டொக்டர், அது குடலா?" என்று கேட்கிற ஒருவருக்குப் பதில் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருந்தால் அவர் இன்னும் பயந்துவிடுவார்.

தலை சுற்றும் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கணவரைச் சும்மா பேசுகிறார் என்று ஒதுக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒருவர், நல்ல ஓங்கு தாங்கான ஆள், மாட்டுப் பட்டி வைத்திருந்தவர், கன்று இழுத்துப் போட்டுப் பழகியவர், "எனக்கு இதெல்லாம் பழக்கம் டொக்டர்" என்று சொல்லி உள்ளே நின்றார். கருப்பையை வெளியே எடுத்து வைத்ததும் சத்தமே இல்லாமல் சரிந்து விழுந்தார், விழும்போது சேலைன் ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு. என்னிடம் இருந்தது ஒரே உதவியாளர். அவர் பாவம், விழுந்த மனிதரைப் பார்ப்பதா, துவாயில் கிடக்கிற இரண்டு குட்டிகளைப் பார்ப்பதா? மனிதரைத்தான் பார்த்தார். அதில் ஒரு குட்டி பிழைத்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, உள்ளே விட்டது நான்தானே. சொந்தப் பிள்ளை போல் வளர்த்ததன் வயிறு என்பது வேறு, கன்று இழுப்பது வேறு. யாருக்கு மயக்கம் வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியில்லை, பெரும்பாலும் அவர்களுக்கே தெரிவதில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் யாரையும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. அதை மாற்றியது ஒரு மழை இரவு. மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது, என் உதவியாளர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். ஒரு அல்சேஷன் கலப்பு, முதல் குட்டி குறுக்கே கிடக்கிறது. கொண்டு வந்தது ஒரு இளைஞனும் அவன் ஆத்தாவும், கொழுந்து பறித்து பென்ஷன் வாங்கிய கிழவி. கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, மடியில் துவாயை விரித்துக் கொடுத்தேன். இளைஞன் குட்டியை வாங்கிக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், கிழவி தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு குட்டி. நான் கடைசித் தையல் போட்டு முடித்து எட்டிப் பார்த்தபோது ஏழும் கத்திக்கொண்டிருந்தன, கிழவி ஒவ்வொன்றையும் தன் கம்பளிக்குள் செருகி வைத்துவிட்டு, "இந்தக் கறுப்பன்தான் ரொம்பப் படுத்திட்டான் ஐயா" என்றார். ஒப்பரேஷனை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கேதான் வளர்ப்பவருக்கு உண்மையான வேலை இருக்கிறது. வெட்டுகிறவரின் கை கிருமி நீக்கிய கை, ஒரு குட்டியைத் தொட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி வயிற்றுக்குள் போட முடியாது. எடுத்து இன்னொருவர் கையில் போட்டுவிட்டு அடுத்ததைத் தேட வேண்டியதுதான். ஒரு குட்டிக்கு ஒரு ஆள் என்பது கனவு, இரண்டுக்கு ஒருவராவது வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலை மாதிரி இடத்தில் மாணவர்கள் இருப்பார்கள், உங்கள் கை தேவைப்படாது. மலைநாட்டு டவுன் கிளினிக்கில் இரவு ஒரு மணிக்கு ஒரு டொக்டரும் ஒரு பையனும்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் கை நடுங்காது. மயக்கத்தில் பிறந்த குட்டி தொய்ந்துபோய்த்தான் வரும், செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தலை கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி துவாயில் வைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள தண்ணீரைக் குழந்தைகளுக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பல்ப்பால் எடுத்துவிட்டு, முதுகையும் விலாவையும் நன்றாகத் தேய்க்க வேண்டும். பட்டுத் துணியைத் தடவுகிற மாதிரி இல்லை, நனைந்து வந்த பிள்ளையின் தலையைத் துவட்டுகிற மாதிரி. துவாய் நனைந்தால் மாற்றுங்கள். விரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் நெஞ்சைப் பிடித்தால் துடிப்புத் தெரியும், துடிப்பு இருக்கும்வரை விடாதீர்கள், இருபது நிமிடம் தேய்த்த பிறகு கத்திய குட்டிகள் உண்டு. பழைய ஆட்கள் காலைப் பிடித்துத் தலைகீழாக வீசிச் சுழற்றுவார்கள், தயவுசெய்து அதை யாரும் செய்ய விடாதீர்கள், மூளைக்குள் இரத்தம் கசியும், கையிலிருந்து நழுவிப் போனதும் உண்டு. அப்புறம் சூடு. பிறந்த குட்டிக்கு நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது, உடல் குளிர்ந்துவிட்டால் பால் உறிஞ்சவும் மாட்டாது, குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டவும் கூடாது. முதல் சில நாள் அது கிடக்கும் இடம் 29, 30 பாகைக்குக் குறையக்கூடாது. உங்கள் ஊர் இரவுக் குளிர் எனக்குத் தெரியும். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும்.

மின்னி கண் விழிக்கும்போது மறுபடி நீங்கள் தேவை, ஆனால் வாயை மூடிக்கொண்டு. பக் நாய்க்குக் குழாயை எடுத்த பிறகு வரும் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை, நன்றாக விழிக்கும்வரை குழாயை விட்டே வைத்திருப்போம். அந்த நேரத்தில் "மின்னி, மின்னி" என்று கூப்பிட்டால் அரை மயக்கத்தில் எழும்பப் பார்த்துத் தடுமாறுவாள், மூச்சும் முட்டும். பேசாமல் கையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். இன்னொன்று, அவளுக்குக் குட்டி போட்ட ஞாபகம் இல்லை. தூங்கினாள், எழும்பினாள், பக்கத்தில் மருந்து வாசத்தோடு ஏதோ நெளிகிறது. சில நாய் நக்கும், சில நாய் கடிக்கும், சில நாய் தெரியாமல் மேலே படுத்துவிடும். முழுதாகத் தெளியும்வரை குட்டிகள் தனிப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போதும் அப்படித்தான். தெளிந்ததும் நீங்களே தலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காம்பில் வையுங்கள், சீம்பால் முதல் நாளுக்குள் வயிற்றுக்குள் போனால்தான் பலன். ஓரிரு நாளைக்கு ஆள் இல்லாமல் விட வேண்டாம்.

தங்கை உள்ளே வரவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் மாதிரி வாயு கொடுப்போம், சின்ன அறைகளில் அது கொஞ்சமாவது கசியும், மயக்கம் தெளிந்து வரும் நாயின் மூச்சிலும் வரும். கர்ப்பிணிகள் அதைச் சுவாசிக்கக் கூடாது. நாயின் பிரசவ நீரிலும் கிருமிகள் இருக்கலாம், அதையும் தொட வேண்டாம். வீட்டில் பெட்டியைச் சூடாக்கி வைக்க ஒரு ஆள் வேண்டுமே, அது அவர் வேலை. மகனின் போனை வாங்கி வைத்துவிடுங்கள். பிள்ளையின் ஆசை புரிகிறது, ஆனால் அழுகையும் பதற்றமுமாக இருக்கிற இடத்தில் கமராவும் ஒன்று எதற்கு. அவனிடம் ஒரு சமையலறைத் தராசும் கொப்பியும் கொடுத்து, தினமும் ஒவ்வொரு குட்டியின் நிறையையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லி வையுங்கள், வீடியோவை விட அது குட்டிகளுக்கு உதவும். தேய்க்கும் வேலையைக் கூட நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றில்லை, தலை சுற்றாத கணவர் இருக்கிறாரே!

சரி, கண்ணில் பட்டது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். போன வருடம் உள்ளே இருந்திருந்தால் மூன்றாவது குட்டியைக் காப்பாற்றியிருக்கலாமோ என்று உங்களுக்கு உறுத்துகிறது. எனக்கு உறுத்துவது வேறு: இரவு பத்து மணிக்கு வலி, கீறியது விடிந்த பிறகு. குறை சொல்வதற்காக எழுதவில்லை டீச்சர், அந்த நேரத்தில் ஆட்டோ கிடைத்ததா, எந்தக் கதவைத் தட்டினீர்கள், யார் "காலையில் வாருங்கள்" என்றார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் நன்றாக முக்கத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் குட்டி வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் தாண்டக் கூடாது. முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சையாக நீர் போனால் நஞ்சுக்கொடி விடுபடுகிறது என்று அர்த்தம், உடனே கிளம்ப வேண்டும். முதல் குட்டிக்குப் பிறகு அதே பச்சை வந்தால் பயமில்லை. வயிற்றிலுள்ள குட்டியின் இதயம் நிமிடத்துக்கு 200க்கு மேல் துடிக்க வேண்டும், ஸ்கேனில் 180க்குக் கீழே தெரிந்தால் குட்டி திணறுகிறது, 150க்குக் கீழே இறங்கினால் நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க மாட்டோம். இரவெல்லாம் முக்கிய தாயின் வயிற்றில் மூன்றாவது குட்டி மேசைக்கு வருவதற்கு முன்பே போயிருக்கலாம். அல்லது அண்ணம் பிளந்தோ, உடம்பெல்லாம் நீர் கோத்தோ பிறந்திருக்கலாம், பக், புல்டோக் இனங்களில் இதைப் பார்க்கிறோம். எதுவென்று பார்த்தவர்தான் சொல்ல முடியும், உங்களுக்குச் சொல்லியிருக்கவும் வேண்டும். குட்டியைத் துணியில் வைத்துக் காட்டி இரண்டு வார்த்தை பேச ஐந்து நிமிடம் போதும். உள்ளே விடாததை விட அதைச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய பிழை.

இந்த இனமே அப்படி, டீச்சர். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். இதே வகை முகம் கொண்ட பொஸ்டன் டெரியர், புல்டோக், பிரெஞ்ச் புல்டோக் மூன்றிலும் பத்தில் எட்டு ஈற்றுக்கு மேல் வயிற்றைக் கீறித்தான் எடுக்கிறார்கள் என்று இங்கிலாந்தில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. ஒரு தடவை கீறிய பக் நாய்க்கு "பார்ப்போம், தானாகப் போடுமா" என்று இரவு முழுக்கக் காத்திருப்பது சூதாட்டம். தோட்டத்தில் யாராவது மாட்டுக்குப் போடுகிற ஊசி ஒன்று போட்டால் குட்டி வந்துவிடும் என்று சொல்வார்கள். வழி அடைத்துக் கிடக்கும்போது அதைப் போட்டால் கருப்பை கிழியும். போட விடாதீர்கள்.

ஆகவே உள்ளே இருக்கலாமா என்று இரவு இரண்டு மணிக்கு வாசலில் நின்று கேட்காதீர்கள், இப்போதே கேளுங்கள். ஐம்பத்தைந்தாம் நாள் போல எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணலாம், அதற்குப் போகும்போது அந்த டொக்டரிடமே பேசுங்கள். இரவில் வருவாரா, கூட எத்தனை பேர், மயங்கும்வரை நான் நிற்கலாமா, குட்டிகளைத் தேய்க்க ஆள் வேண்டுமா, குட்டி ஏதாவது தவறினால் எனக்குக் காட்டிச் சொல்வீர்களா. கருப்பை கிழிந்திருந்தால் எடுத்துவிடுவதா என்றும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால், கிழியாவிட்டாலும் எடுத்துவிடச் சொல்வேன், தாய் இரத்தம் அதிகம் இழக்காமல் தெம்பாக இருந்தால். பால் அதனால் வற்றாது, மூன்றாவது தடவை இந்தக் கடிதத்தை எழுதவும் வேண்டியிருக்காது. அந்தக் கேள்வி நடுவில் வந்தால் பதில் சொல்ல நீங்கள் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், டீ குடிக்கக் கடைக்குப் போய்விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் அவர் "முடியாது" என்றால் ஏன் என்று கேளுங்கள். அறை சின்னது, ஆள் போதும் என்றால் அது நியாயம், வாக்குவாதம் வேண்டாம், அந்த அறையில் கத்தி அவர் கையில்தான். கேள்வி கேட்டதற்கே முகத்தைச் சுளித்தால் வேறு டொக்டரைப் பாருங்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எல்லா அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும் நாய்க்கு ஒப்பரேஷன் செய்ய வசதி இருக்காது, அதையும் விசாரித்து வையுங்கள். பேராதனைக்குத்தான் போக வேண்டி வந்தால் கினிகத்தேனை வழியாகப் போனாலும் நுவரெலியா வழியாகப் போனாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கணக்கு வையுங்கள், மழை என்றால் இன்னும் கூட.

ஐம்பத்தெட்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் காய்ச்சல் மானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். 38 பாகைக்கு மேல் இருந்தது 37.2க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும். அன்றே டொக்டருக்குப் போன் பண்ணிவிடுங்கள், ஆட்டோக்காரத் தம்பியை இரவு லயத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். பையில் துவாய் எட்டாவது வேண்டும், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, துவைத்துக் காய்ந்ததாக இருக்கட்டும். நீங்கள் எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், வெறும் வயிற்றோடு நிற்பவர்களுக்குத்தான் முதலில் தலை சுற்றும்.